எடித் வார்ட்டன்: பழஞ்செல்வக் குடியின் சாட்சி

செல்வத்துள் இரு வகை உண்டு. ஈட்டியவரின் வியர்வை இன்னும் உலராத செல்வம் ஒன்று. ஈட்டியவர் யார் என்பதையே பேரப்பிள்ளைகள் மறந்துவிட்ட செல்வம் மற்றொன்று. முன்னது தன்னைக் காட்டிக்கொள்ளத் துடிக்கும். அற்பனுக்குப் பவிசு வந்தால் அர்த்தராத்திரியில் குடைபிடிப்பான் என்று தமிழ்ப் பழமொழி எள்ளுவது அதைத்தான். பின்னதோ தன்னை மறைத்துக்கொள்ளும். அதன் வீட்டு வாயிலில் ஆரவாரம் இராது. பேச்சில் பணம் என்ற சொல்லே வாராது. ஆனால் யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்பதை ஒரு புருவ நெரிப்பாலேயே அது தீர்மானித்துவிடும்.

அத்தகைய ஒரு வீட்டில் பிறந்து, அதன் ஒழுக்கங்களை மூச்சுக்காற்றாக உட்கொண்டு வளர்ந்து, பின்னர் அவ்வொழுக்கங்களின் அழகையும் கொடுமையையும் ஒருசேர உலகுக்கு எடுத்துரைத்தவர் அமெரிக்கப் புதின ஆசிரியர் எடித் வார்ட்டன் அம்மையார். அவர் எழுதியவற்றுள் சிறந்தவை யாவும் ஒரே கேள்வியின் பல வடிவங்கள் எனலாம். ஒரு குடியின் நன்னடத்தை ஒரு மனித உயிரைக் காக்கிறதா, அல்லது மெல்லக் கொல்கிறதா என்பதே அக்கேள்வி. அக்கேள்விக்கு அவர் ஏட்டில் மட்டும் விடை தேடவில்லை. தம் வாழ்விலும் தேடினார்.

குடிப்பிறப்பு

எடித் நியூபோல்ட் ஜோன்ஸ் 1862ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 24ஆம் நாள், நியூயார்க் நகரின் மேற்கு 23ஆம் தெருவிலிருந்த பெற்றோர் இல்லத்தில் பிறந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு ஓராண்டுகூட நிறையாத காலம் அது. தந்தை ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஜோன்ஸ். தாய் லுக்ரீஷியா ரைன்லாண்டர். வளர்ந்துவிட்ட இரு மகன்களுக்குப் பின், நெடுங்காலம் கழித்துப் பிறந்த ஒரே மகள் எடித்.

தந்தையார் அலுவல் எதுவும் பார்த்தவரல்லர். பார்க்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. மன்ஹாட்டன் தீவில் முன்னோர் வாங்கிப்போட்ட நிலங்களும் மனைகளும், நகரம் வளர வளரத் தாமாகவே விலையேறி, குடும்பத்துக்கு ஊதியம் தந்துகொண்டிருந்தன. அக்கம்பக்கத்தாருக்கு ஈடுகொடுத்து வாழ முயல்வதை, ஜோன்ஸ் குடும்பத்தாருக்கு ஈடாக வாழ்தல் என்று ஆங்கிலத்தில் மரபுத்தொடராகச் சொல்வர். அத்தொடர் இந்த ஜோன்ஸ் குடும்பத்தைச் சுட்டியே எழுந்தது என்ற செவிவழிச் செய்தியும் உண்டு.

டச்சு, ஆங்கிலேய வணிகர்களின் வழிவந்த இக்குடும்பங்கள், ஐரோப்பியப் பிரபுக்களைப் போலப் பட்டம் உடையவை அல்ல. அவற்றின் மூதாதையர் கப்பலில் சரக்கு ஏற்றியவர்கள், பண்டம் விற்றவர்கள். ஆயினும் மூன்று தலைமுறை கடந்ததும், கடை வைத்துப் பிழைப்பவர் வீட்டுப்படி ஏறுவது தகாது என்று அதே குடும்பங்கள் கருதத் தொடங்கின. வழக்குரைஞர் தொழிலும் வங்கித் தொழிலும் ஓரளவு ஏற்கத்தக்கவை. சில்லறை வணிகம் ஏற்கத்தகாதது. இம்முரண்பாட்டை எடித் பிற்காலத்தில் நன்கு உணர்ந்து நகைத்தார்.

போர் முடிந்தபின் அமெரிக்க நாணயத்தின் மதிப்பு சரிந்தது. வாடகை வருவாயின் வலிமையும் குன்றியது. 1866ஆம் ஆண்டில் ஜோன்ஸ் குடும்பம் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிற்று. அங்கே செலவு குறைவு. வரவு சுருங்கியதைச் சொல்லிக்கொள்ளாமல், உலா வருவதுபோல வெளிநாட்டில் ஆறாண்டுக் காலம் சிக்கனமாக வாழ்வதும் பழஞ்செல்வரின் பழக்கங்களுள் ஒன்றே. உரோமாபுரியின் பாழடைந்த மாடங்களுக்கிடையே விளையாடியும், பாரிஸில் படித்தும், ஜெர்மனியில் நச்சுக்காய்ச்சலால் சாவின் விளிம்புவரை சென்று மீண்டும் எடித் வளர்ந்தார். 1872இல் நியூயார்க் திரும்பியபோது பத்து வயதுச் சிறுமியின் கண்ணுக்கு அந்நகரம் அழகற்றதாகத் தோன்றியது. ஒரே பழுப்புக் கல்லால் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற வீடுகள். அவற்றுள் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற வாழ்க்கை.

எழுதப்படாத சட்டங்கள்

அவ்வாழ்க்கையின் சட்டங்கள் எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை; ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தன. தெரியாதவர் அயலார் என்பதே அவற்றின் பயன்.

உணவு மேசையில் பணத்தைப் பற்றிப் பேசலாகாது. வீட்டின் வெளிப்புறம் அண்டை வீட்டினின்றும் வேறுபட்டுத் தோன்றலாகாது. பாரிஸிலிருந்து புதிய ஆடைகள் தருவிக்கலாம். ஆனால் வந்தவுடன் உடுத்தலாகாது. பெட்டியில் வைத்து, புதுமை மங்கியபின் உடுத்துவதே நல்ல குடிப்பிறப்பு. புதிதாக வந்ததைப் புதிதாகவே உடுத்துபவர் நேற்றைய பணக்காரர். பாட்டனார் காலத்தில் நிலவறையில் வைத்த மதீரா மதுவைப் பேரன் விருந்தினருக்கு வார்ப்பான். அதன் வயதைச் சுவைத்து அறிபவரே விருந்தினர்.

பெண்கள் ஒருவரையொருவர் காணச் செல்வதற்கும் முறை இருந்தது. வண்டியில் சென்று பெயர்ச்சீட்டைக் கொடுப்பதும், குறித்த நாளுக்குள் அவர்கள் மறுவருகை புரிவதும் கடமை. மறுவருகை வாராதெனில் அதன் பொருள் வெளிப்படை. குடும்பத்தின் மூத்த பெண்மணி ஒருத்தி ஒரு வீட்டுக்குச் சென்று வந்தால், மறுநாளே நகரத்தின் பிற வாயில்களும் அவ்வீட்டாருக்குத் திறக்கும். அவள் செல்லாவிட்டால், எத்தனை பெரிய மாளிகை கட்டினும் அது பாலைவனமே.

இசை நாடகம் காண்பதற்கு இச்சமூகத்தார் சென்ற இடம் 14ஆம் தெருவிலிருந்த இசைக் கழக அரங்கம். அது சிறியது; தனியிருக்கை மாடங்களும் மிகச் சில. அக்குறையே அதன் பெருமையாயிற்று. தந்தைக்குப் பின் மகன் என்று மாடங்கள் கைமாறியதால், இருப்புப்பாதையிலும் சுரங்கத்திலும் கோடி குவித்த புதியவர்களுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. அவர்கள் சினந்து, தமக்கென மெட்ரோபாலிட்டன் அரங்கத்தைக் கட்டி 1883இல் திறந்தனர். மூன்றே ஆண்டுகளில் பழைய அரங்கில் இசை நாடகப் பருவம் நின்றுபோயிற்று. பழஞ்செல்வத்தின் வீழ்ச்சியை அறிவித்த முதல் மணியோசை அதுவே.

இச்சட்டங்களுள் மிகக் கடுமையானது ஒன்று உண்டு. மனத்துக்கு ஒவ்வாதது எதுவும் நடக்கவே இல்லை என்பதுபோல் நடந்துகொள்ள வேண்டும் என்பதே அது. கணவனின் தவறான உறவு, மகளின் கண்ணீர், நண்பனின் வறுமை ஆகிய எதுவும் பேச்சில் வரலாகாது. இதற்கு மறுதலையாக ஒரு நற்பண்பும் அங்கே வேரூன்றியிருந்தது. கொடுத்த சொல்லையும் வாங்கிய கடனையும் அவர்கள் புனிதமாகக் கருதினர். வணிகத்தில் நாணயம் தவறியவனை அவர்கள் மன்னித்ததே இல்லை. தாய்மொழியைப் பிழையறப் பேசுவதிலும் அதே கண்டிப்பு. கொச்சைச் சொல் ஒன்றைக் குழந்தை உதிர்த்தால் பெற்றோரின் ஏளனப் பார்வை அதனைத் திருத்தியது. சொல்லின் தூய்மையில் எடித் கொண்ட பற்று அவ்வீட்டுச் சீதனமே.

தந்தையின் நூலகம்

ஜோன்ஸ் குடும்பத்தில் மகன்களுக்குக் கல்வி உண்டு. மகளுக்குப் பள்ளி இல்லை. செவிலித் தாயும், மொழி கற்பிக்கும் ஆசிரியையுமே எடித்துக்கு வாய்த்த கல்வி நிலையம். ஆனால் வீட்டின் கீழ்த்தளத்தில் தந்தையின் நூலகம் இருந்தது. பெரும்பாலும் எவரும் நுழையாத அவ்வறையில், தரைவிரிப்பின்மீது அமர்ந்து, கவிதை, வரலாறு, மெய்யியல் என அவர் கைக்கெட்டியதையெல்லாம் படித்தார்.

ஒரு தடை மட்டும் இருந்தது. திருமணத்துக்கு முன் புதினம் எதையும் தம் அனுமதியின்றிப் படிக்கலாகாது என்பது தாயாரின் ஆணை. அனுமதி கேட்டபோதெல்லாம் பெரும்பாலும் மறுப்பே கிடைத்தது. மகளும் ஆணையை மீறவில்லை. இத்தடை ஒருவகையில் நன்மையே செய்தது. மலிவான கதைகளுக்கு மாறாகப் பேரிலக்கியங்களே அவர்தம் இளமையை ஆட்கொண்டன.

எழுதுவதற்குத் தாள் கொடுப்பாரில்லை. வீட்டுக்கு வரும் பொட்டலங்களைச் சுற்றிய பழுப்புத் தாள்களைக் கேட்டு வாங்கி, தரையில் விரித்து அவர் எழுதினார். பதினோராம் வயதில் முதற்கதையைத் தொடங்கினார். அக்கதையில் ஒரு பெண்மணி மற்றொருத்தியின் வீட்டுக்கு முன்னறிவிப்பின்றி வருகிறாள். நீங்கள் வருவது தெரிந்திருந்தால் கூடத்தை ஒழுங்குபடுத்தி வைத்திருப்பேனே என்று வீட்டுக்காரி சொல்கிறாள். இதனை மகள் ஆவலுடன் கொண்டுவந்து காட்டியபோது, தாயார் படித்துப் பார்த்து, கூடங்கள் எப்போதும் ஒழுங்காகத்தான் இருக்கும் என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். குழந்தையின் கதை அத்துடன் நின்றது. அன்னையின் அக்குளிர்ந்த சொல்லில் ஒரு சமூகத்தின் முழு நம்பிக்கையும் அடங்கியிருந்தது. அவர்கள் வீட்டில் ஒழுங்கின்மை என்பது இருக்க முடியாது. இருந்தால் அதை எழுதக்கூடாது. எடித்தின் பிற்கால எழுத்து முழுவதும், ஒழுங்காக வைக்கப்பட்ட கூடங்களுக்குள் உண்மையில் நடந்தது என்ன என்பதைச் சொல்ல முயன்ற முயற்சியே.

பதினைந்தாம் வயதில் ஒரு குறும்புதினத்தை மறைவாக எழுதி முடித்தார். 1878இல் அவருடைய பாடல்கள் சிறு தொகுப்பாகத் தனிச்சுற்றுக்கு அச்சிடப்பட்டன. 1880இல் புகழ்பெற்ற 'அட்லாண்டிக் மந்த்லி' இதழ் அவர்தம் கவிதைகளைப் பெயரின்றி வெளியிட்டது. இவற்றால் குடும்பம் பூரித்துவிடவில்லை. அக்குடிகளின் பார்வையில் நூல் படிப்பது நாகரிகம். நூல் எழுதுவது நாகரிகத்துக்குப் புறம்பானது.

பெயரில்லாத மணமகள்

1879இல் பதினேழு வயது எடித் முறைப்படி சமூகத்துக்கு அறிமுகம் செய்யப்பட்டார். 1882இல் தந்தையார் பிரான்சின் கான் நகரில் காலமானார். அதே ஆண்டில் ஹென்றி ஸ்டீவன்ஸ் என்னும் இளைஞருடன் மணம் உறுதியாகி முறிந்தது. ஸ்டீவன்ஸின் தாயார் விடுதித் தொழிலில் செல்வம் குவித்தவரின் மனைவி. பழங்குடிகளால் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டவர். மணமுறிவுக்கு அவரே காரணம் என்று பேசப்பட்டது. பெண்ணுக்கு அறிவு மிகுதி என்பதும் ஒரு குறையாகச் செய்தித்தாளில் இடம்பெற்றது.

1885ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், பாஸ்டனைச் சேர்ந்த எட்வர்ட் வார்ட்டனை அவர் மணந்தார். டெடி என்று அழைக்கப்பட்ட மணமகன் பன்னிரண்டு ஆண்டு மூத்தவர், நல்ல குடும்பம், இனிய இயல்பு, குதிரையிலும் நாயிலும் வேட்டையிலும் விருப்பமுள்ளவர், நூல்களில் நாட்டமில்லாதவர். லுக்ரீஷியா அம்மையார் அனுப்பிய திருமண அழைப்பில் தம் மகளின் திருமணம் என்றிருந்ததே தவிர, மகளின் பெயர் இடம்பெறவில்லை. மணநாள் நெருங்கியபோது, இல்லறம் என்றால் என்ன என்று எடித் நடுக்கத்துடன் தாயிடம் கேட்டார். தாயார் முகஞ்சுளித்து, இவ்வளவு வயதுக்குப் பின்னும் தெரியாதா என்ற பாவனையில் பேச்சை முடித்துவிட்டார். நன்னடத்தையின் பெயரால் மறைக்கப்பட்ட அவ்வறியாமை தம் வாழ்வையே சிதைத்தது என்பது எடித்தின் முடிவு. வாய்மூடுதலைப் பண்பாடாகக் கொண்ட சமூகம், தன் பெண்களிடமிருந்து அதற்காக வாங்கிய விலை அது.

இருபத்தெட்டு ஆண்டுகள் நீடித்த அம்மணவாழ்வில் மக்கட்பேறு இல்லை, மனவொற்றுமையும் இல்லை. 1888இல் தம் ஓராண்டு வருவாயையே செலவிட்டு, கிரேக்கத் தீவுகளைக் காணக் கணவருடன் கப்பற்பயணம் மேற்கொண்டார். குடும்பத்தார் அஞ்சினர். அச்சமயத்தில், நியூயார்க்கில் தனித்து வாழ்ந்து மறைந்த தூரத்து உறவினர் ஜோஷுவா ஜோன்ஸ் விட்டுச்சென்ற சொத்திலிருந்து ஏறத்தாழ 1,20,000 டாலர் எடித்துக்கு வந்து சேர்ந்தது. பழஞ்செல்வம் எவ்வளவு தற்செயலாகப் பாயும் என்பதற்கு இது ஒரு சான்று. 1890களில் ஆழ்ந்த மனச்சோர்வு அவரைப் பற்றியது. அதிலிருந்து அவரை மீட்டது எழுத்தே.

எழுத்தாளர்

முதல் உரைநடை நூல் புனைகதையன்று. கட்டடக் கலைஞர் ஆக்டன் காட்மனுடன் சேர்ந்து 1897இல் வெளியிட்ட, வீட்டு அலங்காரம் பற்றிய நூல் அது. அறைகளில் திரைச்சீலையும் பொம்மையும் பட்டு மெத்தையும் திணிப்பது அலங்காரமன்று. அளவும் பொருத்தமுமே அழகு என்று அந்நூல் வாதிட்டது. நியூபோர்ட் கடற்கரையில் புதுப்பணக்காரர்கள் பளிங்கு மாளிகைகள் எழுப்பிய காலம் அது. அழகு என்பது விலையால் வருவதன்று என்னும் குரல் அப்போது தேவையாக இருந்தது.

1899இல் முதற் சிறுகதைத் தொகுதி வெளிவந்தது. நாடெங்கும் திறனாய்வாளர் வரவேற்றனர். உறவினர் வட்டமோ மௌனம் காத்தது. அவர் எழுதுகிறார் என்பது ஏதோ குடும்பத்துக்கு நேர்ந்த இழுக்குப் போல, எவரும் அவரிடம் அவர்தம் நூல்களைப் பற்றிப் பேசியதில்லை. புகழின் உச்சியில் இருந்தபோதும் இம்மௌனம் நீங்கவில்லை.

1902இல் இத்தாலிய வரலாற்றைப் பின்னணியாகக் கொண்ட பெரும் புதினத்தை எழுதினார். அதைப் படித்த ஹென்றி ஜேம்ஸ், தூரதேசங்களை விட்டுவிட்டுத் தம் கண்முன் உள்ள நியூயார்க்கையே எழுதுமாறு அறிவுறுத்தினார். அறிவுரை பலித்தது. 1905இல் 'தி ஹவுஸ் ஆஃப் மெர்த்' வெளிவந்தது; அவ்வாண்டு முடிவதற்குள் 1,40,000 படிகள் அச்சாயின.

அப்புதினத்தின் தலைவி லில்லி பார்ட். இருபத்தொன்பது வயது, பேரழகி, நற்குடிப் பிறப்பு, கையில் காசில்லை. அழகுப் பொருளாக விளங்குவதற்கே வளர்க்கப்பட்ட அவளுக்கு உழைத்துப் பிழைக்கும் வழி தெரியாது. பகைவியின் காதற் கடிதங்கள் அவள் கைக்குக் கிட்டுகின்றன. அவற்றைக் காட்டி மிரட்டினால் இழந்த இடத்தை மீட்டுவிடலாம். அவள் அதைச் செய்யாமல் அவற்றை நெருப்பிலிடுகிறாள். தன் சிறு உடைமையைக் கொண்டு கடனை அடைக்கிறாள். உறக்க மருந்தை மிகுதியாக உட்கொண்டு இறக்கிறாள். அவளை அழித்ததும் அவள் வளர்ப்பே; அழியும் வேளையிலும் அவளைத் தாழவிடாமல் நிறுத்தியதும் அவ்வளர்ப்பே. இவ்விரண்டையும் ஒருங்கே காட்டியதில்தான் அப்புதினத்தின் பெருமை உள்ளது. தம் குடும்பங்களை ஊர்முன் நிறுத்திவிட்டதாகப் பழங்குடியினர் வருந்தினர். ஆயினும் எல்லா வீட்டிலும் அந்நூல் படிக்கப்பட்டது.

இல்லமும் இழப்பும்

எடித் அம்மையார் தாமே திட்டமிட்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்து லெனாக்ஸ் ஊரில் எழுப்பிய இல்லம் 'தி மவுண்ட்'. 1902 முதல் அங்கே வாழ்ந்தார். காலைப்பொழுதில் படுக்கையில் இருந்தபடியே எழுதி, எழுதிய தாள்களைத் தரையில் நழுவவிடுவார்; செயலர் அவற்றைத் திரட்டித் தட்டச்சுச் செய்வார். நண்பகலுக்கு மேல் அவர் எழுத்தாளரல்லர், விருந்தோம்பும் இல்லத்தரசி. உழைப்பை விருந்தினர் கண்ணில் படாமல் வைப்பதும் அவர் கற்ற குடிப்பண்புகளுள் ஒன்று.

1901இல் தாயார் மறைந்தபோது, மகன்களுக்குப் பங்கை நேராகவும் மகளுக்குரியதைப் பொறுப்பாளர்வழியாகவும் எழுதிவைத்திருந்தார். அப்பொறுப்பில் கணவர் டெடியும் இடம்பெற்றார். மனநோய்க்கு ஆளாகிவந்த டெடி, மனைவிக்குரிய நிதியிலிருந்து 50,000 டாலரை எடுத்துத் தவறான வழியில் செலவிட்டது 1909இல் வெளிப்பட்டது. பண நாணயம் தவறுவதை மன்னிக்காத மரபில் வந்தவர் எடித். டெடியின் குடும்பம் அப்பணத்தை ஈடுசெய்தது. ஆனால் நம்பிக்கைக்கு ஈடில்லை. அக்காலத்தில் எடித்தும் பாரிஸில் மார்ட்டன் ஃபுல்லர்ட்டன் என்னும் இதழாளரிடம் காதல் கொண்டிருந்தார்; நாற்பத்தைந்து வயதுக்கு மேல் வாய்த்த அவ்வுறவு மகிழ்ச்சியும் வேதனையுமாக முடிந்தது. 1911இல் மவுண்ட் இல்லத்தை விற்க நேர்ந்தது. 1913 ஏப்ரலில் பாரிஸில் மணவிலக்குப் பெற்றார். எந்தக் குடிகள் மணவிலக்கு என்னும் சொல்லையே கூசினவோ, அக்குடியின் மகளே அதைத் தேர்ந்தார்.

அதே 1913இல் வெளிவந்த 'தி கஸ்டம் ஆஃப் தி கன்ட்ரி' பழஞ்செல்வத்தை வென்ற புதுச்செல்வத்தின் கதை. உண்டைன் ஸ்பிராக் என்னும் பெண் மணந்து, விலக்கி, மீண்டும் மணந்து மேலேறுகிறாள். பழங்குடியில் பிறந்த அவள் கணவன் ரால்ஃப் மார்வெல், அப்புதிய உலகின் விதிகள் புரியாமல் தற்கொலை செய்துகொள்கிறான். பழைய சட்டங்கள் மனிதனை மூச்சுத்திணற வைத்தன. புதியவர்களிடமோ சட்டம் என்பதே இல்லை. இரண்டுக்கும் இடையே நின்று எடித் அம்மையார் கண்ட காட்சி இது.

கொடுப்பவர் தெரியாமல் கொடுத்தல்

அவர் கற்ற ஒழுக்கங்களின் மிக உயர்ந்த வடிவம் ஒரு நிகழ்ச்சியில் வெளிப்பட்டது. முதுமையில் ஹென்றி ஜேம்ஸின் நூல்கள் விலைபோகவில்லை. பணக்கவலை அவரை வாட்டியது. 1912இல் எடித், தமக்கு வரவேண்டிய உரிமைத்தொகையிலிருந்து 8,000 டாலரை எடுத்து, புதிய புதினத்துக்கான முன்பணம் என்ற பெயரில் ஜேம்ஸுக்கு வழங்குமாறு ஸ்கிரிப்னர் பதிப்பகத்தாருடன் இரகசிய ஏற்பாடு செய்தார். பதிப்பகமே தம் எழுத்தை மதித்து முன்வந்தது என்று ஜேம்ஸ் மகிழ்ந்தார். அடுத்த ஆண்டு அவருடைய எழுபதாம் பிறந்தநாளுக்காக அமெரிக்க நண்பர்களிடம் எடித் நிதி திரட்ட முயன்றபோது, செய்தி கசிந்து, ஜேம்ஸ் வெகுண்டு தடுத்துவிட்டார். வெளிப்படையாகக் கொடுத்தது அவமானமாயிற்று. மறைவாகக் கொடுத்தது மதிப்பாயிற்று. 1916இல் ஜேம்ஸ் மறையும்வரை முன்பணத்தின் உண்மை அவருக்குத் தெரியாது. பணத்தைப் பற்றிப் பேசலாகாது என்ற பழஞ்சட்டம், இங்கே பகட்டுக்கு மாறாக அருளாயிற்று.

1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது அவர் பாரிஸிலேயே தங்கினார். வேலையிழந்த தையற்பெண்களுக்காகத் தொழிற்கூடம் திறந்தார். அகதிகளுக்கு விடுதிகளும், ஃபிளாண்டர்ஸ் பகுதிக் குழந்தைகளுக்குக் காப்பகங்களும் நடத்தினார். நிதி திரட்ட 1916இல் அவர் தொகுத்த நூலில் யேட்ஸ், கான்ராட், ஹார்டி முதலிய எழுத்தாளரும் மோனே முதலிய ஓவியரும் பங்களித்தனர். அவ்வாண்டே பிரெஞ்சு அரசு 'லீஜியன் ஆஃப் ஆனர்' விருதளித்துச் சிறப்பித்தது. விருந்துக்கு யாரை எங்கே அமர்த்துவது, எதை எப்போது முடிப்பது என்று இளமையில் கற்ற ஒழுங்கே ஆயிரக்கணக்கானோரைக் காக்கும் நிர்வாகத் திறனாக மலர்ந்தது.

விருந்தாக வந்த தண்டனை

போர் முடிந்தபின், தாம் பிறந்த உலகம் திரும்ப இயலாதவாறு மறைந்துவிட்டதை உணர்ந்தார். அவ்வுணர்வில் பிறந்ததே 1920இல் வெளியான 'தி ஏஜ் ஆஃப் இன்னொசென்ஸ்'. 1870களின் நியூயார்க். இசைக் கழக அரங்கில் தொடங்கும் கதை. மே வெல்லண்டை மணக்க உறுதிசெய்யப்பட்ட நியூலண்ட் ஆர்ச்சர், கணவனைப் பிரிந்து ஐரோப்பாவிலிருந்து வந்த எல்லன் ஒலென்ஸ்காவிடம் உள்ளம் இழக்கிறான். எவரும் அவனைக் கண்டிக்கவில்லை. எவரும் எல்லனைப் பழிக்கவில்லை. அவளுக்குப் பிரிவுபசார விருந்து ஒன்று மட்டும் சிறப்பாக நடத்தப்படுகிறது. வெள்ளிக் கலங்களுக்கும் மலர்களுக்கும் இடையில், எல்லாரும் எல்லாம் அறிந்திருந்தனர் என்பதும், இவ்விருந்தே தண்டனை என்பதும் ஆர்ச்சருக்குப் புலனாகின்றன. குருதி சிந்தாமல் உயிரெடுக்கும் கலையை இதனினும் நுட்பமாகக் காட்டிய காட்சி அரிது.

ஆயினும் முடிவு எளிய கண்டனமன்று. இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின், மனைவியை இழந்த ஆர்ச்சர் பாரிஸில் எல்லனின் வீட்டின்முன் அமர்ந்திருக்கிறான். மேலே செல்லாமல் திரும்புகிறான். அவன் கடமை தவறாது வாழ்ந்த வாழ்வில் இழப்பும் உண்டு, கண்ணியமும் உண்டு. எதை எத்தட்டில் வைப்பது என்பதை ஆசிரியர் வாசகரிடமே விட்டுவிடுகிறார்.

1921இல் இந்நூலுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. புதினத்துக்கான அப்பரிசைப் பெற்ற முதற்பெண்மணி அவரே. நடுவர் குழு பரிந்துரைத்தது சின்கிளேர் லூயிஸின் 'மெயின் ஸ்ட்ரீட்' நூலையே. அதை ஒதுக்கிவிட்டு மேற்குழு இதனைத் தேர்ந்தது. அமெரிக்க நன்னடத்தையை உயர்த்திக்காட்டும் நூலுக்கே பரிசு என்பது அன்றைய விதி. நன்னடத்தையின் கொடுமையைச் சொன்ன நூலுக்கு நன்னடத்தைப் பரிசா என்று எடித் மனங்கசந்தார். லூயிஸோ பெருந்தன்மையுடன் அடுத்த ஆண்டு தம் 'பாபிட்' புதினத்தை அவருக்கே காணிக்கையாக்கினார்.

இறுதிக்காலம்

1923இல் யேல் பல்கலைக்கழகம் வழங்கிய மதிப்புறு முனைவர் பட்டத்தைப் பெறுவதற்காக அமெரிக்கா சென்றதே அவரது கடைசித் தாய்நாட்டுப் பயணம். பாரிஸை அடுத்த சான்-பிரீஸிலும், தெற்கே ஈயேரிலும் இல்லங்கள் அமைத்துத் தோட்டம் வளர்த்தார். இல்லப் பொறுப்பாளரான காத்தரின் கிராஸ் 1884 முதல் 1933இல் தாம் இறக்கும்வரை அவருடனேயே இருந்தார். 1930களின் பொருளாதார மந்தத்தில் நியூயார்க் வாடகை வருவாய் சுருங்கியபோது, எழுபது வயது கடந்தும் எழுதிச் சம்பாதித்தே வீட்டையும் தம்மை நம்பியிருந்தோரையும் காத்தார். பரம்பரைச் சொத்து கைவிட்ட இடத்தில், குடும்பம் பேசக் கூசிய எழுத்துத் தொழில் கைகொடுத்தது. 1934இல் தன்வரலாறு வெளிவந்தது. அதிலும் மணவாழ்வின் துயரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. மௌனத்தைக் குற்றஞ்சாட்டியவர் தம்மளவில் மௌனத்தையே கடைப்பிடித்தார்.

குறைகளும் அவரிடம் இருந்தன. பிறந்த குடியின் தப்பெண்ணங்கள் அவரை முற்றும் விட்டகலவில்லை. லில்லி பார்ட்டின் கதையில் வரும் யூத வணிகர் ரோஸ்டேலைத் தீட்டிய விதத்தில் அது தெரிகிறது. வாயிலைக் காத்த குடும்பங்களை நகைத்தவருக்கும், வாயிலுக்கு வெளியே நின்றவர்களின் நெஞ்சம் எளிதில் புலப்படவில்லை.

1937ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11ஆம் நாள் சான்-பிரீஸ் இல்லத்தில் எடித் வார்ட்டன் காலமானார். வெர்சாய் நகர் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச்சென்ற நூல்களுள் ஒரு பகுதி, இரண்டாம் உலகப் போரின்போது இலண்டனில் நடந்த குண்டுவீச்சில் எரிந்தது. எஞ்சிய பகுதி 2005இல் விலைகொடுத்து வாங்கப்பட்டு, நினைவில்லமாக விளங்கும் மவுண்ட் இல்லத்தின் அலமாரிகளுக்கே மீண்டது. பழைய நியூயார்க்கின் மதீராக் குப்பிகள் காலியாயின. பெட்டியில் மடித்துவைத்த பாரிஸ் ஆடைகள் மக்கின. பெயர்ச்சீட்டுகளைப் பெறுவதற்கு வீடுகளே இல்லை. பழுப்புத் தாளில் கதை எழுதிய சிறுமி தரைவிரிப்பில் அமர்ந்து படித்த நூல்களுள் சில மட்டும் அவ்வலமாரிகளில் இருக்கின்றன. அக்குடி சேர்த்த செல்வத்துள் நிலைத்தது அதுவே.